அனுமதிப் பட்டியலில் இல்லாத எழுத்து

காலை ஏழு மணி பத்து நிமிடம். சமையலறை ஜன்னல் வழியே முதலில் தெரிந்தவை பைகள். பிள்ளைகள் அப்புறம்தான் தெரிந்தார்கள். பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை. தெருமுனையில் பள்ளிப் பேருந்துக்காக ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். முந்தைய நாள் பெய்த பனி கணுக்கால் வரை கிடந்தது. ஒருவன் தலையில் குல்லாய் இல்லை. இன்னொருத்தி ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு அந்தக் கையை அக்குளில் வைத்திருந்தாள். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் கறுப்புப் பையைக் கோட்டுக்குள் வைத்து, கழுத்து வரை ஜிப்பை இழுத்து, பிள்ளைத்தாய்ச்சிகள் மாதிரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். உறைநிலைக்குக் கீழே கணிப்பொறியை வெளியில் வைத்திருக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. பிள்ளையை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. என் மகள் கயல்விழியும் அந்த வரிசையில் நின்றாள். அவள் கோட்டு மட்டும் தட்டையாக இருந்தது.

இதை ஊரில் இருப்பவர்களுக்காகவும், என்னைப் போல ஊரை விட்டு வந்து பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். மதுரையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவள் நான். கோபத்தில் எழுதினால் பெயரும் இடமும் பிசகிவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சிறிய ஊர். என் கணவர் சுந்தரம் இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறார். அவர் ஆனையூர்க்காரர். வீட்டில் இன்னும் மதுரை பேச்சுத்தான். 2002 செப்டம்பரில் கயலின் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு மடிக்கணிப்பொறி கொடுத்தார்கள். பணம் கிடையாது. வீட்டுக்கே எடுத்துப் போகலாம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பெற்றோரை ஒரு மாலை பள்ளி அரங்குக்கு வரச் சொல்லி, விதிகள் அடங்கிய கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். துணைத் தலைமையாசிரியை திருமதி டாய்ல் மேடையில் நின்று வாசித்தார். பக்கத்தில் வைத்துச் சாப்பிடக் கூடாது. ஒட்டுப்படம் ஒட்டக் கூடாது. அக்கா தம்பிக்கோ பெற்றோருக்கோ பயன்படுத்தத் தரக் கூடாது. அனுமதிப் பட்டியலில் இல்லாத எதையும் அதில் நிறுவக் கூடாது. பள்ளிக்கூடம் எப்போது வேண்டுமானாலும் அதைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கும். யார் செய்தாலும் பொறுப்பு மாணவருடையது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேலே, கனத்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்தக் கணிப்பொறி உரிமை அல்ல, சலுகை.

நான் எல்லாப் பக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை நின்றது.

"நம்ம ரேசன் கார்டுல கூட இம்புட்டு இருக்காது. போட்டு விடு" என்றார் சுந்தரம்.

"படிக்காம எப்படிப் போடுறது?"

"நீ புரூஃப் பாக்கவா வந்த? போடு."

போட்டேன். அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன். எங்கள் குடும்பம் என் தாத்தா காலம் வரை சொந்த நிலமில்லாமல் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நானும் என் அண்ணன் பாண்டியும் படித்தோம். உதவித்தொகை வரும் நாளில் வாத்தியார் வகுப்பு வாசலில் நின்று, "சலுகைப் பிள்ளைகள்லாம் எந்திரிங்க" என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். யார் யார் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் மாதாமாதம் பார்ப்பார்கள். அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. "என்னடா, சலுகை வேணாமா?" என்று கேட்டிருக்கிறார் வாத்தியார். "சட்டப்படி வர்றது சார். நீங்க சலுகைன்னு சொல்லாதீங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்று வாங்கிய அடியில் அண்ணனின் படிப்பு முடிந்தது. இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அரங்கிலிருந்து வெளியே வரும்போது கயல் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். இங்கே காலை என்றால் அங்கே மாலை. எடுத்தவள் அண்ணன் மகள் பூங்கொடி. திருமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ, கணிப்பொறிப் பிரிவு. கயலுக்கு மதினி முறை. கயல் என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கித் தனக்குக் கணிப்பொறி கொடுத்ததைப் பீற்றிக்கொண்டாள். இந்த வீட்டுத் தொலைபேசியில் அந்தப் பக்கத்துப் பேச்சு அறை முழுக்கக் கேட்கும்.

"வீட்டுக்கேவா குடுத்துட்டாக?" என்றாள் பூங்கொடி. "நாங்க ஒன்றரை வருசமா கம்ப்யூட்டர் குரூப்பு. நான் இன்னும் அதத் தொட்டதில்ல."

"தொடாம எப்படி மதினி படிக்கிறீங்க?"

"போர்டுல மவுசுப் படம் போட்டுக் காட்டுவாரு. நாங்க நோட்டுல வரைவோம். நான் வரைஞ்சதுக்குத்தான் வால் அழகா இருக்குன்னு சாரே சொன்னாரு."

கயல் சிரித்தாள். பிறகு, அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் நிறுத்தினாள்.

பூங்கொடி சொன்னதை அப்படியே தருகிறேன். பள்ளிக்கு எட்டுக் கணிப்பொறிகள் வந்திருக்கின்றன. குளிரூட்டிய அறை. வாசலில் செருப்பைக் கழற்றிக் கால் கழுவிவிட்டுப் போக வேண்டும். தையல் டீச்சர் ரோஸ் துணியில் எட்டுக்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறார். ஆய்வாளர் வரும் நாளிலும் ஆயுத பூஜை அன்றும் உறையைக் கழற்றுவார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். "கம்ப்யூட்டருக்கு வெக்கை ஆகாதாம் அயித்தே. எங்களுக்கு ஆகுமாம்" என்றாள். அவள் அந்த அறைக்குள் போனது உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அறையைப் பெருக்கித் துடைக்க அவளையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். ஏன் அந்த மூன்று பேர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை துடைக்கும்போது உறையின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். சார் பார்த்துவிட்டார். மறுவாரம் முதல் அவர் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"பிப்ரவரியில பிராக்டிகல்" என்றாள். "அன்னைக்காச்சும் நானாப் போடணும், நானா நாலு வரி அடிக்கணும், நானா அணைக்கணும். அம்புட்டுத்தான் அயித்தே."

நான் மதுரையில் இருந்தபோது இப்படி ஒரு கணிப்பொறி அறையின் திறப்பு விழாவுக்குச் செய்தி எடுக்கப் போயிருக்கிறேன். நகரத்துக்கு வெளியே வேறொரு பள்ளி. ரிப்பன், மாலை, கேசரி. உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசையாக மேசைகள், மேசைக்கொரு இயந்திரம், ஒரு நாற்காலிகூட இல்லை. விழாவுக்காக எடுத்து வைத்திருக்கிறார்களோ என்று கேட்டேன். நாற்காலி வாங்கவே இல்லை என்றார்கள். அதை ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். எங்கள் பத்திரிகையின் தலைமை உதவியாசிரியர் பேனாவால் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். "தொறப்பு விழா நியூஸ்ல நாற்காலி எதுக்கும்மா? நின்னுக்கிட்டே படிப்பாக" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் பெரிய படத்தோடு செய்தி வந்தது. இங்கே பள்ளி அரங்கில் எல்லோரும் உட்காரும்படி மெத்தை வைத்த நாற்காலிகள் இருந்தன. கணிப்பொறியைக் கையிலேயே கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்கு ஜனவரியில்தான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமையே கயல் முடிவு செய்துவிட்டாள். மதினிக்குத் தானே பாடம் எழுதி அனுப்பப் போகிறாள். பூங்கொடியைப் பிரவுசிங் சென்டருக்கு அனுப்ப அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க கேபினுக்குத் திரை போட்டு வச்சிருக்கான் தாயி. லாரி சீட்டுக்குப் பின்னால போடுற திரை மாதிரி. பிள்ளய எப்படி அனுப்புறது?" என்றார். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் டி.டி.பி. கடை. அங்கே இணையமும் உண்டு. கயல் மின்னஞ்சலில் அனுப்பும் பாடத்தை அண்ணனே போய் அச்செடுத்து வருவார். அந்தக் காலத்தில் தமிழ் கணிப்பொறிக்குள் தானாக இருக்காது. எழுத்துருவைத் தனியே போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வராது, ஏதேதோ ஆங்கிலக் குறிகள் வரும். டி.டி.பி. கடைக்காரர் அண்ணனிடம் சொல்லிவிட்டிருந்தார்: "நான் போட்டுருக்குற அதே ஃபாண்ட அங்கயும் போடச் சொல்லுங்கண்ணே. இல்லாட்டி புழு நெளிஞ்ச மாதிரிதான் வரும்." அதன் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் தொலைபேசியில் எழுத்துக் கூட்டி வாசித்தார். கயல் அதை இணையத்தில் தேடி இறக்கிப் போட்டுக்கொண்டாள். அனுமதிப் பட்டியல் என்ற ஒன்று இருப்பது நான், சுந்தரம், கயல் மூவருக்கும் நினைவில் வரவில்லை. தமிழை நிறுவுவதாக எங்களுக்குத் தோன்றவில்லை. அது எங்களோடு வந்தது, அவ்வளவுதான்.

கயல் மதுரையில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தாள். அவளுடைய தமிழில் பிழை மலிந்திருக்கும். வீட்டில் அச்சுப்பொறி கிடையாது என்பதால் திரையைப் பார்த்து ஒவ்வொரு பாடத்தையும் நான் காகிதத்தில் எழுதிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பேன். அவள் திருத்தி அனுப்புவாள். முதல் பாடம் இப்படித் தொடங்கியது: "பயப்படாதீங்க மதினி. தப்பா அமுக்கினாலும் வெடிக்காது. அதுக்கு உங்களத் தெரியாது, உங்களுக்கு அதத் தெரியாது, அதனால ரெண்டு பேரும் சமம்." நான் அதில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன். விசைப்பலகையை அளவு பிசகாமல் வரைந்து தபாலில் அனுப்பினாள். பூங்கொடி அதைக் காலண்டர் அட்டையில் ஒட்டி, தரையில் வைத்து விரல் பழகினாள். டி.டி.பி. கடையில் அண்ணன் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்த ஒருவர், "என்ன மாப்ள, பிள்ளைக்குக் கல்யாணமா?" என்று கேட்டாராம். "இல்ல மாப்ள, கம்ப்யூட்டருக்குப் பரீச்ச" என்றாராம் இவர். டிசம்பருக்குள் பூங்கொடியின் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பாடங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். எழுதியவளுக்குப் பன்னிரண்டு வயது என்பதைப் பூங்கொடி சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு மேடம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஜனவரி நடுவில் பள்ளியில் எல்லாக் கணிப்பொறிகளையும் வாங்கிச் சோதித்தார்கள். கயலுடையது திரும்பி வரவில்லை. மறுநாள் வந்து பார்க்கும்படி அழைப்பு வந்தது. பட்டியலில் இல்லாத மென்பொருள், பொருள் விளங்காத கோப்புகள் என்று அதில் இருந்தது. கயல் சாப்பிடவில்லை. "இன்னும் மூணு பாடம் இருக்கு. சேவ் பண்றது சொல்லல, பிரின்ட் சொல்லல, அணைக்கிறது சொல்லல" என்று மட்டும் சொன்னாள்.

சுந்தரத்துக்கு அன்று வேலை. "போயி ஒரு சாரியப் போட்டுட்டு வந்துரு. தெரியாமச் செஞ்சுட்டா, இனிமே நடக்காதுன்னு சொல்லு. முடிஞ்சுரும்" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. எங்கள் ஊரில் தலைமையாசிரியர் அறைக்குள் போனதும் முதலில் வருவது அந்த வார்த்தைதான். தப்பு நம்முடையதா இல்லையா என்பது அப்புறம். மன்னிப்புக் கேட்டால் அவருடைய மரியாதை அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் இரண்டு வார்த்தை சத்தம் போடுவார், போகச் சொல்வார். நிருபராக இருந்தபோது எத்தனையோ அலுவலகங்களில் அப்படித்தான் காரியம் முடித்திருக்கிறேன்.

திருமதி டாய்ல் இருந்தார். கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் கெவின் என்ற இளைஞர் இருந்தார். தமிழ் எழுத்துருவை நீக்கிவிட்டு, கயலின் பாடங்களை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாகக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் நட்சத்திரங்களும் கேள்விக்குறிகளும்.

"இது என்ன குறியீடு?" என்று கேட்டார் கெவின்.

"குறியீடு இல்லை. தமிழ். ஒரு மொழி."

"எதை இயக்குவதற்கான மொழி?"

"பேசுவதற்கான மொழி" என்றேன். "அந்த எழுத்துருவைத் திரும்பப் போட்டால் நீங்களே பார்க்கலாம்."

அவர் திருமதி டாய்லைப் பார்த்தார். அவர் வருத்தமான முகத்தோடு, அது அனுமதிப் பட்டியலில் இல்லை, ஆகவே பள்ளியின் எந்த இயந்திரத்திலும் போட முடியாது என்றார். குற்றம் இல்லை என்று காட்ட வேண்டுமானால் குற்றத்தை இன்னொரு முறை செய்ய வேண்டும். நான் பையிலிருந்து என் சிவப்புப் பேனாத் தாள்களை எடுத்தேன். முதல் பாடத்தை வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். பயப்படாதே. தப்பாக அமுக்கினாலும் வெடிக்காது. கையை எலியின் மேல் வை. விரலைத் தூக்காமல் நகர்த்து. கெவின் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள்" என்றார். திருமதி டாய்லும் சிரித்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்.

"இவை யாருக்கு அனுப்பப்படுகின்றன?"

"இந்தியாவில் என் அண்ணன் மகளுக்கு."

"அந்த நபரை உங்களுக்கு நேரில் தெரியுமா?"

"என் அண்ணன் மகள்" என்றேன் மறுபடியும்.

"அப்படியானால் இது பள்ளிப்பாடம் இல்லை."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் நிமிர்ந்தாள். "பள்ளிப்பாடம்தான்" என்றாள். "உங்கள் பள்ளியின் பாடம் இல்லை."

அந்த இடத்தில்தான் நான் அதைச் சொன்னேன். குழந்தை எதிர்த்துப் பேசிவிட்டாளே என்ற பதற்றம். ஐ ஆம் வெரி சாரி, இனி இப்படி நடக்காது என்று, கையைக்கூட லேசாகக் குவித்துச் சொன்னேன். திருமதி டாய்ல் என் கையைத் தொட்டு, ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றார். அவர் கோபப்படவில்லை. இரண்டு வார்த்தை சத்தம் போடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். காரிடாரில் கயல் கேட்டாள்.

"நீ எதுக்கும்மா சாரி சொன்ன?"

"மரியாதைக்குச் சொன்னதுடி."

"அவங்க எழுதிக்கிட்டாங்க."

மூன்றாம் நாள் தபாலில் முடிவு வந்தது. மாணவியின் தாய் விதிமீறலை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்திருக்கிறார். ஆகவே, கல்வியாண்டு முடியும் வரை மாணவி கணிப்பொறியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வகுப்பில் ஆசிரியர் பார்வையில் மட்டும் பயன்படுத்தலாம். இயந்திரம் முழுவதுமாக அழிக்கப்பட்டுப் புதிதாக நிறுவப்பட்டிருக்கிறது. இந்தக் குறிப்பு மாணவியின் கோப்பில் சேர்க்கப்படும். ஒவ்வொரு வரியும் கண்ணியமாக இருந்தது. என் மகள் ஏழு பாடம் எழுதியிருந்தாள். அது எதையும் யாரும் கிழித்தெறியவில்லை, யாரும் அவளை அடிக்கவில்லை, ஒரு பொத்தானை அமுக்கினார்கள். ஒரு மொழியைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எங்கே மனுப் போடுவது என்று கேட்டு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. ஊரில் என்றால் தாலுகா அலுவலகத்தில் நின்று சத்தம் போட்டிருப்பேன். இங்கே சத்தம் போட ஓர் ஆள்கூட அகப்படவில்லை. எல்லோரும் சிரித்தமுகமாக, விதி என்று காட்டுகிறார்கள். விதி ஒரு காகிதம், அதில் என் கையெழுத்து இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். "சும்மா குடுத்தத எதுக்கு ஆத்தா பிடுங்குறாக? நம்ம என்ன வித்தா தின்னுட்டோம்?" என்றார். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ ஸ்பேனர் கேட்டுவிட்டு, "சலுகைன்னு எழுதிருந்துச்சோ?" என்று கேட்டார்.

வீட்டில் வேறு கணிப்பொறி கிடையாது. நூலகத்தில் இருப்பதிலும் சுந்தரத்தின் அலுவலகத்தில் இருப்பதிலும் எதையும் நிறுவ முடியாது. கயல் மீதி மூன்று பாடங்களைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் காட்சியை நான் சமையலறையில் நின்று பார்த்தேன். இவள் முன்னால் வெறும் சாப்பாட்டு மேசை. கண்ணை மூடிக்கொண்டு மேசையின் மேல் விரலை நகர்த்துகிறாள். அந்தப் பக்கம் பூங்கொடி காலண்டர் அட்டையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இடது கை ஓரத்துல கன்ட்ரோல் இருக்கா மதினி?"

"இருக்கு. நீ வரைஞ்சதுல அது மட்டும் கோணலா இருக்கு."

"அத அமுக்கிக்கிட்டே எஸ் அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"சேவ் ஆயிருச்சு."

"எங்கடி ஆச்சு?" என்றாள் பூங்கொடி. இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். தொலைபேசிக்கு வாங்கிய அட்டையில் மிச்சம் எவ்வளவு நிமிடம் என்று இடையில் ஓர் ஆங்கிலக் குரல் வந்து சொன்னது. அணைக்கும் பாடத்தைக் கயல் இரண்டு முறை சொன்னாள். திறந்ததை எல்லாம் மூடணும், பிறகு அதுவே அணையும், அது சொன்ன பிறகுதான் சுவிட்ச். அவசரப்பட்டு சுவிட்சை அணைத்தால் எழுதினது போய்விடும்.

பிப்ரவரி கடைசியில் செய்முறைத் தேர்வு. அன்றே பேசினேன். அந்தப் பள்ளியில் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்று பூங்கொடிக்கும் அன்றுதான் தெரிந்திருக்கிறது. ஒரு விடுப்புக் கடிதத்தை அடித்துச் சேமிக்க வேண்டும் என்பது கேள்வி. முந்தைய நாளே சார் எட்டு இயந்திரத்திலும் அந்தக் கடிதத்தை அடித்து வைத்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய், சார் விரல் காட்டும் ஒரே ஒரு விசையை அமுக்கிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். பூங்கொடி போனாள். சார் காட்டிய விசையை அமுக்கவில்லை. அவர் அடித்து வைத்திருந்த கடிதத்தை மூடினாள். புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள்.

"ஏய், எதத் தொடுற?" என்றிருக்கிறார்.

"நானே அடிக்கிறேன் சார்."

"உனக்குத் தெரியாது. எந்திரி."

"தெரியும் சார்."

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த பிள்ளயக் கூப்பிடுங்க சார், சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்றாராம். பூங்கொடி ஊர்ப் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். சார் குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

"பட்டுனு அணைச்சுட்டாரு அயித்தே" என்றாள். அதுவரை சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "அப்படி அணைக்கக் கூடாதுல்ல? கயலு ரெண்டு தடவ சொல்லிருக்கா."

என் பழைய பத்திரிகைக்கு அன்றே எழுதிவிடுகிறேன் என்றேன். கோபத்தில் என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். கயல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணன் தொலைபேசியை வாங்கினார்.

"இப்ப ஒண்ணும் எழுதாத தாயி. பிள்ளைக்கு மார்க் வரட்டும். அவரு கையிலதான் மார்க் இருக்கு."

"அண்ணே, நீயா சொல்ற?"

"நாந்தான் சொல்றேன். நான் எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்து என்னத்தக் கண்டேன்? வச்சிரட்டுமா?"

காத்திருந்தேன். மே மாதம் முடிவு வந்தது. செய்முறைத் தேர்வில் பூங்கொடிக்கு ஐம்பதுக்கு ஐம்பது. அந்த வகுப்பில் எல்லோருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது.